மூன்று சென்ட்டுக்கு நட்சத்திரம் கிடையாதா?

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று நாட்காட்டி சொல்கிறது. எங்கள் தெருவில் இன்னும் யாரும் வீட்டுக்குள் படுக்கத் தொடங்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால், கயிற்றுக் கட்டிலும் கோரைப்பாயும் வாசலை அடைத்துக் கிடக்கும். ஆண்களும் சிறுவர்களும் தெருவில். பெண்கள் வாசல்படியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் மட்டும் உள்ளே. அவர்களுக்கு வெளியே படுக்க அனுமதி இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த பிள்ளையும் அந்த அனலுக்குள்தான் படித்தாள்.

என் அம்மா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறித் தளத்தில் ஊற்றுவார். ஊற்றும்போது 'சுர்'ரென்று சத்தம் வரும். "கெவுருமெண்டு வூடு கட்டிக் குடுத்துச்சு, அடுப்பையும் சேத்து மேல கவுத்துட்டுப் போச்சு" என்பார். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஏணியில் ஏற வேண்டாம் என்றால் கேட்பதில்லை. ஏறாவிட்டால் ராத்திரி படுக்க முடியாது.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை என்றுதான் எழுதுவோம். இந்த வாரம் வீட்டின் சூட்டைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் அதே வரிசையில் வரவேண்டிய சங்கதிதான் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

குளிர்பதனப் பெட்டியின் மேல் நட்சத்திரம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை. நட்சத்திரம் கூடினால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று பொருள். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி அமைக்கப்பட்ட ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், 2006 முதல் இந்த முத்திரையைத் தருகிறது. அதே பணியகம் 2019இல் வீடுகளுக்கும் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. ஒரு வீடு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கேட்கும் என்று கணக்கிட்டு அந்த நட்சத்திரம் தரப்படுகிறது. கட்டடத்தின் சுவர், கூரை, சன்னல், விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விருப்பம் உள்ளவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், வீடுகளுக்கென்று ஒரு கட்டட விதித்தொகுப்பு வந்தது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். வீட்டின் வெளிப்புற உறை, அதாவது சுவர், கூரை, சன்னல் ஆகியவை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று அது வரம்பு கட்டியது. 2021இல் அதன் இரண்டாம் பகுதியும், 2024இல் புதுப்பித்த வடிவமும் வந்தன. இடையில் 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டமே திருத்தப்பட்டு, அதுவரை வணிகக் கட்டடங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சட்டம் குடியிருப்புக் கட்டடங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2023 ஜனவரி முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது.

நல்ல சங்கதிதான், வரவேற்கிறேன். வீடு என்பது நாலு சுவரும் ஒரு கூரையும் மட்டுமல்ல, அதற்குள் மனித உடம்பு தாங்க வேண்டும் என்பதைச் சட்டம் முதல்முறையாக எண்ணில் சொல்கிறது. தமிழில் உணவு, உடை, உறையுள் என்கிறோம். உறைதல் என்றால் தங்கி வாழ்தல். தங்கி வாழ முடியாத ஒன்றை உறையுள் என்று சொல்ல முடியாது. கதவு எண் இருக்கலாம், வரி ரசீது இருக்கலாம்.

என் கேள்வி, இந்த அளவுகோல் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதுதான்.

2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் குடியிருப்புகளுக்கு என்று எழுதப்பட்டது. நம் கணக்கில் சொன்னால் பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். 2022 திருத்தச் சட்டம் 100 கிலோவாட் மின்சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களில் இருந்து தொடங்குகிறது. அடுக்குமாடி வளாகங்கள் அதில் வரும்.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் கிராமத்தில் தரப்படும் இலவச வீட்டுமனைப் பட்டா மூன்று சென்ட். அந்த மூன்று சென்ட்டுக்கே எத்தனை ஆண்டு மனுக் கொடுத்து, எத்தனை முறை தாசில்தார் அலுவலக வாசலில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டா கையில் இருந்தும் இடத்தை அளந்து காட்டாத ஊர்கள் உண்டு. மின்சுமை? மூன்று விளக்கு, இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஓரிரு கிலோவாட். எங்கள் தெருவையே ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால்தான் சட்டம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சுமை வரும்.

ஆக, வெப்பத்துக்கு வரம்பு கட்டும் விதி பன்னிரண்டு சென்ட்டில் தொடங்குகிறது. நம் பட்டா மூன்று சென்ட்டில் முடிகிறது. இடையில் இருக்கும் ஒன்பது சென்ட்டில்தான் நம் மக்கள் நிற்கிறார்கள்.

"சின்ன வீட்டுக்கு எதற்கு இவ்வளவு விதி? அவர்கள் ஏ.சி. போடுவதில்லையே, மின்சாரம் வீணாவதில்லையே" என்று ஒரு பொறியாளர் நண்பர் கேட்டார். மின்சாரக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நம் தெருவில் பல வீடுகள் அதைத் தாண்டுவதே இல்லை. அட்டையில் பூச்சியம் என்று எழுதியிருக்கும். அந்த அட்டையை வைத்துப் பார்த்தால் இந்த நாட்டிலேயே மிகச் சிக்கனமான வீடு என் அம்மாவின் வீடுதான், ஐந்து நட்சத்திரமும் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பூச்சியத்துக்கான விலையை அம்மாவின் உடம்பு கொடுக்கிறது. தூங்காத இரவு, மறுநாள் நூறு நாள் வேலையில் தலைசுற்றல், வியர்க்குரு, நீர்க்கடுப்பு. குறைவாகச் செலவழிப்பது வேறு, செலவழிக்க வழியில்லாமல் வேகுவது வேறு. யூனிட்டை மட்டும் எண்ணும் அளவுகோலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதே சிக்கல் குளிர் நாட்டிலும் இருக்கிறது. பிரிட்டனில் 2007 முதல் வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்து போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அங்கே அந்த எழுத்து பெரிதும் எரிசக்திக்கு ஆகும் செலவை வைத்தே போடப்பட்டு வந்தது. அது போதாது, சுவரும் கூரையும் எப்படி இருக்கின்றன என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும், சூடேற்றும் அமைப்பைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு மாற்றங்களை முன்வைத்தது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 முதல் 'ஈ' தரத்துக்குக் கீழே இருக்கும் வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது என்று விதி இருக்கிறது. விலக்குகள் சில உண்டு. வீடு மோசமாக இருந்தால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அதில் குடியிருப்பவருக்கு இல்லை, வீட்டைக் கொடுத்தவருக்கு.

நமக்கு வீட்டைக் கொடுத்தவர் யார்? தொகுப்பு வீட்டின் அளவையும் தொகையையும் முடிவு செய்தது அரசு. பட்டியலில் பெயர் வந்தவருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும்தான். ஒன்றிய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அதில் இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று ஒதுக்கீடு. தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது இலக்கு. 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி, சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள். பசுமை என்ற சொல் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் பசுமையை விளக்கில் வைத்தார்கள், கூரையில் வைக்கவில்லை.

கூரையில்தான் விஷயம் இருக்கிறது. அடுக்குமாடியில் வெயில் படும் கூரை மேல்தளத்துக்காரருக்கு மட்டும்தான். நம்முடையது ஒற்றைத் தள வீடு. உச்சி வெயில் முழுவதும் தலைக்கு மேல் இறங்கும். வெறும் காங்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். அதனால்தான் மதியத்தைவிட இரவு எட்டு மணிக்கு வீடு கொதிக்கிறது. விதித்தொகுப்பு கூரைக்குக் கட்டியிருக்கும் வரம்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கும் அதற்கு மேலும் வெப்பத்தை, எந்தப் பூச்சும் மேல்தளமும் இல்லாத காங்கிரீட் கூரை உள்ளே விடுகிறது. கல்நார் தகரம் இன்னும் மோசம்.

அடுத்தது சன்னல். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களைப் போல் வெக்கையும் ஈரமும் சேர்ந்த மண்டலத்தில், வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய சன்னலாகவும் காற்றுத் துளையாகவும் இருக்க வேண்டும் என்கிறது விதி. தரைத்தளத்து வாசல் கதவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 360 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 60 சதுர அடி. மூன்றடிக்கு நாலடி சன்னல் என்றால் ஐந்து சன்னல். உங்கள் தெருவில் எந்தத் தொகுப்பு வீட்டில் ஐந்து சன்னல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சன்னல் இருந்தாலும், அடுத்த வீட்டுச் சுவர் இரண்டடியில் நிற்கும். மூன்று சென்ட் மனையில் அண்ணன் தம்பி இருவர் வீடு கட்டினால் காற்று எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் இன்னொரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஓலைக் குடிசைதான் குளிர்ச்சி, மண் சுவர்தான் இயற்கை, காங்கிரீட்டுக்கு ஏன் ஆசைப்பட்டீர்கள்" என்று நகரத்தில் இருந்து வரும் சிலர் கேட்கிறார்கள். ஓலையின் குளிர்ச்சி எங்களுக்குத் தெரியாததல்ல, அதில்தான் பிறந்தோம். ஆனால் ஓலை எரியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிந்தது ஒரு கூரைக் குடிசைக்குள். சாதிச் சண்டை என்றால் முதலில் பறப்பது தீப்பந்தம் என்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். குமரிப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓடு வேயவும் மாடி கட்டவும் தடை இருந்தது வரலாறு. எனவே காங்கிரீட் கூரை எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. அது உயிர்ப் பாதுகாப்பு, அது மரியாதை. அதை விட்டுத்தரச் சொல்லாதீர்கள். காங்கிரீட் வேண்டும். அது வேகாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

அது முடியாத காரியமும் அல்ல. நம் கொத்தனார்களிடம் கேளுங்கள். காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது இந்த மண்ணில் பழகிய வேலை. ஊர்த்தெருவில் இருபது முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய மாடி வீடுகளில் பார்க்கலாம். அந்தத் தளத்தைப் போட்ட கைகளில் பாதி நம்முடையவை. நம் வீட்டுக்கு வரும்போது மட்டும் மதிப்பீட்டில் பணம் போதாது என்று அந்த வேலை விட்டுப்போகிறது. அது முடியாவிட்டால், தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அடித்தாலே வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போகும். அகமதாபாத் நகரம் 2013இலேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையைத் தொடங்கியது. பக்கத்தில் தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அறிவித்திருக்கிறது. செத்த பிறகு நாலு லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, உயிரோடு இருக்கும்போது தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சில ஆயிரம் ஒதுக்கலாம்.

வெப்பம் எல்லோருக்கும் பொது என்பார்கள். வெயில் பொதுதான், நிழல் பொது அல்ல. ஊரில் வீடு சுட்டால் அரசமரத்து மேடை இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது, குளத்தங்கரை இருக்கிறது. பல ஊர்களில் அந்த மேடையில் நம் பிள்ளை போய்ப் படுக்க முடியாது. படுத்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஏரிக்குக் கீழேயோ கரட்டு மேலேயோ கொடுத்த இடத்தில் மரம் வைக்கவும் இடம் விடவில்லை. வீடு ஒன்றுதான் நமக்கிருக்கும் நிழல். அதுவே சுட்டால் போக்கிடம் இல்லை. அதனால்தான் இதுவும் சுடுகாட்டுப் பாதையைப் போல, குவளையைப் போல ஒரு சாதிப் பிரச்சினை என்கிறேன்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. பலகையில் பெயர் மாறியதும், பலகைக்குப் பின்னால் இருக்கும் வீடும் மாற வேண்டும்.

எனவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மனை அளவு எதுவானாலும், அரசுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை வெப்ப வரம்பும் சன்னல் அளவும் பொருந்தும் என்று மாநில அரசு ஆணை போட வேண்டும். 2022 திருத்தத்திலேயே, சுமை வரம்பை மாநிலங்கள் குறைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதற்கான செலவை வீட்டுத் தொகையில் தனியாகச் சேர்க்க வேண்டும். பயனாளி தலையில் கட்டக் கூடாது.

இரண்டாவது, ஏற்கெனவே கட்டிய தொகுப்பு வீடுகளைக் கணக்கெடுத்துத் தரம் போட வேண்டும். அந்தத் தரம் யூனிட்டை எண்ணிப் போடுவதாக இருக்கக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று அளந்து போட வேண்டும். தரம் குறைந்தால் சரிசெய்யும் பொறுப்பு அரசுக்கு. குறைந்த தரத்தைக் காட்டி வீட்டுக் கடனை மறுப்பதற்கோ, "வாழத் தகுதியற்றது" என்று சொல்லி மக்களைத் தூக்கி எங்கோ போடுவதற்கோ அந்தச் சான்றிதழ் பயன்படக் கூடாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அளவுகோல் நம் வீட்டுக்குள் வரும்போது அது எந்தக் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 2024இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டப்படி ஒதுக்கும் நிதியில் பழைய வீடுகளின் கூரைச் சீரமைப்புக்கு ஒரு பங்கு வேண்டும். அந்த வேலையை நம் தெருக் கொத்தனார்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தால், கூலியும் தெருவிலேயே தங்கும்.

இதைப் படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்திலோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலோ ஒரு வெப்பமானி கிடைக்கும். ஊர்த்தெருவில் இரண்டு வீடு, நம் தெருவில் இரண்டு வீடு தேர்ந்துகொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். கூரை எது, சன்னல் எத்தனை, மரம் உண்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போங்கள். "எங்கள் வீட்டுக் கூரையைச் சீரமைக்கத் தீர்மானம் போடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் "எல்லாருக்கும்தான் வெயில்" என்பார்கள். எண்ணை நீட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்த வழியும் அதுதான். அவர் எந்தக் கோரிக்கையையும் தரவு இல்லாமல் வைத்ததில்லை.

சென்ற வாரம் நானும் ஒரு வெப்பமானி வாங்கி வந்து அம்மா வீட்டுச் சுவரில் மாட்டினேன். "இது எதுக்கு?" என்று கேட்டார். வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று காட்டும் என்றேன். "அது எனக்குத் தெரியாதா? அதைக் கொண்டுபோய் ஆபீசுல மாட்டு" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஏணிப் பக்கம் போனார்.